நாகஜோதியின் டீப்பாய்

பெயிண்ட் டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் கடைசிப் பச்சையைத் தேங்காய்ச் சிரட்டையில் வழித்துக்கொண்டிருக்கிறார் நாகஜோதி. எனக்கு அது காலி டப்பா. அவர் கணக்கில் இன்னும் இரண்டு இலைக்கு நிறம் பாக்கியிருக்கிறது. "ஏண்ணே, சும்மாதானே நிக்கிறீக, அந்தக் குச்சிய இங்குட்டு எடுங்க" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னையும் வேலை வாங்குகிறார். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பதில் இதுவும் சேர்த்தி.

காலையில் காரைக்குடியில் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை. மதியத்துக்கு மேல் இது. கணவர் அருள்பாண்டி வீடுகளுக்குத் தரை பதிப்பவர். ஒரு வீடு முடிகிற சமயத்தில் மிஞ்சிய டைல்ஸ், பிளைவுட் துண்டு, தண்ணீர்க் குழாயின் நறுக்கு, சுவரில் ஒட்டிய காகிதத்தின் மிச்சம் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். நாகஜோதி கையில் அவை பூச்சாடியாகும், சாவி மாட்டும் பலகையாகும், கண்ணாடிக்குச் சட்டமாகும். பால் காய்ச்சும் நாளில், அந்த வீட்டு மிச்சத்தில் செய்த ஏதாவது ஒன்றை அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது இருவருக்கும் வழக்கம்.

கை தவறி உடைந்ததும், வெட்டும்போது சிதறியதும் இவர்கள் வீட்டிலேயே தங்கிவிடும். கூடத்துச் சுவரில் அப்படிச் சேர்ந்த ஒரு மயில் இருக்கிறது. யார் வந்தாலும் நாகஜோதி விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். "கழுத்து பூராம் டாக்டர் வீட்டு பாத்ரூமு. தோகை பேங்க்காரவுக அடுப்படி. காலு மட்டும் பள்ளிக்கூடத்து மாடிப்படி." ஒருமுறை அந்த டாக்டரின் மனைவியே வந்திருந்தபோதும் இதே விளக்கம்தான். அந்த அம்மாள் வெகுநேரம் மயிலின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நாகஜோதியின் கண் முதலில் தரைக்குத்தான் போகும், பிறகுதான் ஆட்களுக்கு. குன்றக்குடியில் ஒரு கல்யாணம். மண்டபமே எழுந்து நின்று தாலி கட்டுவதைப் பார்க்கிறது. இவர் குனிந்து, கையிலிருந்த அட்சதையைக்கூடப் போடாமல், "ஓரம் கோணிக் கெடக்கு பாருங்க. நம்ம வீட்டு ஆளு பதிச்சது இல்ல" என்று என் மனைவியின் காதில் சொன்னாராம். எனக்கும் குழாய்த் துண்டில் ஒரு பேனாக் கூடு செய்து கொடுத்திருக்கிறார். அதில் என் மனைவி கரண்டி போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தும் நாகஜோதிக்குக் கோபம் வரவில்லை, "இன்னும் அகலமாச் செஞ்சிருக்கணும்" என்றுதான் வருத்தப்பட்டார்.

தனக்கென்று அவர் ஆசைப்பட்டுச் செய்தது ஒன்றே ஒன்று. ராமநாதன் என்பவர் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் பூக்கல் பதித்தார் அருள்பாண்டி. முழுசாக ஒரு கல் மிஞ்சியது. மஞ்சள் தரையில் சிவப்புப் பூ. ராமநாதனும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவர்களுக்குக் கொடுக்க ஒரு சாவிப் பலகை செய்து வைத்துவிட்டு, பூக்கல்லை பிளைவுட் பலகையின் நடுவில் ஒட்டி, சுற்றிலும் சில்லு சில்லாகப் பதித்து, வெள்ளை சிமெண்ட் பூசி, ஒரு டீப்பாய் செய்தார் நாகஜோதி. "இது யாருக்கும் கெடையாதுண்ணே. இதுல டம்ளர வச்சு, கால நீட்டி ஒக்காந்து நானே டீ குடிக்கப் போறேன்." உண்மையில் அழகாக இருந்தது. நானே விலைக்குக் கேட்டுப் பார்த்தேன், முறைத்தார்.

ராமநாதன் வீட்டில் மறுநாள் விடியற்காலை பால் காய்ச்சவேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அருள்பாண்டி வீட்டுக்கு வந்தபோது நான் அவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சிலிண்டர எறக்குறவன் கைதவறிப் போட்டுட்டான். சாமி ரூமு வாசல்ல ஒரு கல்லு நொறுங்கிப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு டீப்பாயைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார்.

"அதுக்கு?" என்றார் நாகஜோதி.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காமக் கேக்குறீக. ஆத்தங்குடியில சொல்லி வாங்குங்க."

"இனிமே வார்த்து, தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு எப்பத் தருவாக? வார்த்தாலும் இந்த மஞ்சள் திரும்ப வருமா?"

"தரமாட்டேன். ஊரு வீட்டுக்கெல்லாம் செஞ்சு குடுத்தேன். எனக்குன்னு ஒண்ணு செஞ்சா, அதையும் தூக்கிக் குடுக்கணுமா?"

நியாயமான கேள்வி. அருள்பாண்டி வாதாடவில்லை. "சரி விடு. வெறும் மஞ்சக் கல்லு ஒண்ணு கெடக்கு. அத வச்சு ஒப்பேத்திருவோம்" என்று திரும்பினார்.

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாகஜோதிக்கு முகமே மாறிவிட்டது. "பூவுக்கு நடுவுல மொட்டக் கல்லா? அதுவும் சாமி ரூமு வாசல்ல? நாளைக்கு வாரவுகளெல்லாம் உங்க வேலையத்தானே பேசுவாக!"

அருள்பாண்டி சுத்தியலை எடுத்தார். "குடுங்க. உங்க கை கனம். கல்லு கீறிப் போகும்" என்று நாகஜோதி அதைப் பிடுங்கிக்கொண்டார். சின்ன உளியை வைத்து, பூக்கல்லைச் சுற்றித் தான் பதித்த சில்லுகளைத் தானே தட்டித் தட்டிப் பெயர்த்தார். எத்தனை சாயங்காலங்களின் வேலை அது என்று மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஒருமுறை முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிமெண்ட் தூசி என்று நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கல் கீறல் இல்லாமல் வந்தது. அடியில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, கழுவி, முந்தானையால் துடைத்து, பழைய துண்டில் சுற்றிக் கணவர் கையில் கொடுத்தார். டீப்பாயின் நடுவில் சதுரமாக ஒரு பள்ளம். அருள்பாண்டி அதைப் பார்க்காமல் வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பினார்.

"இருங்க, இருங்க" என்று நாகஜோதி பின்னாலேயே ஓடிவந்தார். "ஒடஞ்ச கல்ல அங்குட்டே கொட்டிப்புடாதீக. சின்னத் துண்டு விடாமப் பொறக்கிட்டு வாங்க" என்றபடி, கையிலிருந்த வெறும் சிமெண்ட் சாக்கை உதறி, நான்காக மடித்து, அவர் மடியில் வைத்தார்.