கண்ணை மூடிச் செய்த விவசாயம்

தினமும் விடியலில் கண்ணை மூடி, விரும்பும் எதிர்காலத்தைக் கற்பனை செய்தால் கைகூடும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அச்சில் வந்ததை உடனே நம்புவது என் வியாதி. பாகூர் ஏரியிலிருந்து எங்கள் முறைத் தண்ணீர் வந்த அன்றும், வரப்பில் உட்கார்ந்து மனத்துக்குள் நெல் குவித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, தவமா பண்றீங்க? வரப்பு ஒடைஞ்சி தண்ணி பூரா ஓடைக்குப் போவுது!" என்று கஞ்சி கொண்டுவந்த மனைவி அலறினாள்.

பயிர் கதிர்விடும் நேரம். பொழுது ஏறினால் எங்கள் முறை முடிந்து, தண்ணீர் ஊர்த்தலைவரான மேர் வீட்டு வயலுக்குத் திரும்பிவிடும். அடுத்த முறைக்குள் எல்லாம் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும். உடைப்பின் குறுக்கே நானே உட்கார்ந்தேன். எனக்குக் கீழே மண் கரைந்துகொண்டிருந்தது.

"அசையாதீங்க! இந்த ஒடம்பு இதுக்காவது ஒதவட்டும்" என்றபடி அவள் மண்ணை வாரி அடைத்தாள். வெயில் ஏறுவதற்குள் கடைக்கோடி வயலும் நனைந்தது.

இப்போதும் தினமும் கற்பனை செய்கிறேன். மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி நடந்தபடி, இன்று எங்கே உடையும் என்று.