சர்க்கார் சோறு நின்ற வருஷம்

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்கும் வரதய்யபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. எல்லைப் பங்கீட்டில் அது மதராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்குப் போனபோது நான் நான்காம் வகுப்பு. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு மட்டும் நின்றுவிட்டது. அது மதராஸ் சர்க்கார் போட்ட சோறு. எங்கள் புது சர்க்காரிடம் அப்போது அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

சோறாக்கியது என் அம்மா. நைனா போன பிறகு எங்கள் வீட்டுக்கு அதுதான் பிழைப்பு. ஆனாலும் அவள் தன் வேலை போனதைப் பற்றி அதிகம் பேசவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த சேரிப் பெண்ணைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். அவளுடைய அப்பா எங்கள் கிராம முன்சீப் வீட்டுப் பண்ணையாள். ஒருவேளைச் சோறு கிடைக்கிறதே என்றுதான் அவளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சோறு இல்லையென்றால் அவள் முன்சீப்பின் எருமைகளை மேய்க்கப் போகவேண்டியதுதான். கணக்கில் அவள் கெட்டிக்காரி. என் சிலேட்டைப் பிடுங்கி எனக்கும் சேர்த்துப் போட்டுத் தருவாள். அவள்மேல் எனக்கு அத்தனை ஆசை.

பெரிய வாத்தியார் புது ஜில்லாத் தலைநகரான சித்தூருக்கு எழுதிக் கேட்டார். "ஆர்டர் ராலேதும்மா, இன்னும் வரல" என்று புதிதாகக் கற்ற தெலுங்கைத் தமிழோடு கலந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஊர் கூடியது. உலை வைக்கும்போது பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடும் வழக்கம் வீட்டுக்கு வீடு முன்பே உண்டு. சர்க்கார் கொடுத்ததோடு அந்தப் பிடி அரிசியும் சேர்ந்துதான் சோறாகும். "அரிசி நம்புள்து, பசங்க நம்புள்து. சர்க்கார் எதுக்கு?" என்றார் முன்சீப். பருப்பும் விறகும் தானே தருவதாகவும் சொன்னார். எல்லாருக்கும் சரியென்று பட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முதல் நாள் சோறு இறக்கியதும் முன்சீப் வந்து நின்றார். சேரிப் பிள்ளைகள் வெளியே புளியமரத்தடியில் உட்காரட்டும் என்றார். சர்க்கார் சோறாக இருந்தபோதும் இதே பேச்சு எழுந்ததுண்டு. "உத்தரவு அப்படி, நான் இன்னா பண்றது" என்று வாத்தியார் கையை விரித்துவிடுவார். பேச்சு அங்கேயே அடங்கிவிடும். பயந்த சுபாவம் மனிதருக்கு. உத்தரவு ஒன்று பின்னால் இருந்ததால்தான் எங்களை ஒரே பந்தியில் உட்கார வைக்க அவரால் முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். நம் அரிசி போதும் என்று சொன்ன ஊரில் ஒருத்தருக்கும் இது முன்னாலேயே தோன்றவில்லை.

என் சிநேகிதி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, எனக்கு இடுப்பு நோவு. ரெண்டு எடத்துல குனிஞ்சி நிமுந்து போட முடியாது. ஒரே எடத்துலதான் போடுவேன்."

"அப்ப உள்ளாறயே போடு. அதுங்க கடைசியா வந்து வாங்கிக்கினு போவட்டும்."

"உள்ள ஒரே பொகை மாமா. மரத்தடியில காத்து வருது."

சொல்லிவிட்டு, அந்த இடுப்பு நோவுக்காரி அத்தனை பெரிய சோற்றுத் தவலையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். பசித்த பிள்ளைகள் தட்டோடு பின்னாலேயே ஓடினோம். முதல் ஆளாக ஓடியது முன்சீப்பின் பேரன்தான். என் சிநேகிதியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கொழம்பு நெறைய ஊத்து அத்த" என்றான். அம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்குப் போல் என்றைக்கும் என் அம்மாவை எனக்குப் பிடித்ததில்லை.

முன்சீப் சத்தம் போடவில்லை. மறுநாள் விறகு வரவில்லை. அப்புறம் பருப்பு. அவர் முகத்தைப் பார்த்து மற்ற வீடுகளும் பிடி அரிசியை நிறுத்திக்கொண்டன. அந்த வாரமே அடுப்பு அணைந்தது.

என் சிநேகிதி எருமை மேய்க்கப் போனாள். மத்தியானத்தில் எங்கள் வீட்டு வழியாக ஓட்டிக்கொண்டு வருவாள். "இன்னாத்தயாவது துன்னுட்டுப் போடி" என்று அம்மா கூப்பிட்டு, இருக்கிற கூழை ஊற்றுவாள். குடித்துவிட்டு என் சிலேட்டைக் கேட்பாள். நின்றபடியே ஒரு கணக்குப் போட்டுவிட்டு எருமைகளின் பின்னால் ஓடுவாள். போகப்போகக் கணக்குகள் பெரிதாகிவிட்டன. அவள் சிலேட்டைக் கேட்பதை விட்டுவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

சில வருஷம் கழித்து ஒருவழியாக ஆந்திராவிலும் உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியில் மறுபடியும் சோறு, ஒரே பந்தி. முன்சீப் வந்து நின்றபோது வாத்தியார் தைரியமாகக் கையை விரித்தார். அம்மாதான் சமைத்தாள். முதல் நாள் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "இத்த அப்பவே குடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

என் சிநேகிதிக்கு அதற்கு முந்தின மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.