பர்மா சார்

குரோம்பேட்டையில் நான் பொறியியல் படித்தபோது, எங்கள் மின்னியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவரை எல்லோரும் 'பர்மா சார்' என்போம். ரங்கூனில் பேராசிரியராக இருந்தவர். அங்கிருந்து இந்தியர்கள் வெளியேற நேர்ந்தபோது, துறைமுகத்திலேயே அவருடைய சான்றிதழ்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் இங்கே அவருக்கு ஒயர் மாட்டித் தரும் வேலைதான் கிடைத்தது.

ஒல்லியான உடம்பு, வெயில் காலத்திலும் சாயம் போன கறுப்புக் கோட்டு. வகுப்பு முடிந்ததும் கரும்பலகையில் இருப்பதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் துடைப்பார்.

ஒருநாள் துறைத்தலைவர் எங்கள் எதிரிலேயே, "ஏன்யா பர்மா, ஒரு மீட்டரை ஒழுங்கா வைக்கத் தெரியாதா?" என்று கத்தினார். தலைவரும் ரங்கூனில் படித்தவர்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாலையில் தாம்பரம் ரயிலில் பர்மா சாரிடம் கேட்டேன்.

"சார், அவரை அங்கேயே உங்களுக்குத் தெரியுமா?"

"என்கிட்டதான் படிச்சார்."

"அப்ப நீங்க புரொபசரா இருந்தீங்கன்னு அவரே சொல்லலாமே?"

"கேட்டேன் தம்பி. என்னைப் பார்த்த ஞாபகமே இல்லைன்னுட்டார்."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்தா இந்த வேலையும் போயிடும்."

மறுநாள் காலை தலைவர் உள்ளே நுழைந்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் பர்மா சார்தான் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றார். அந்தக் குரலில் துளிகூட நடுக்கம் இல்லை. அது அவரால் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.