ஆறு கோப்பி மெஷினும் ஒரு காந்தமும்

கோப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷினை விற்பது அவ்வளவு கஷ்டமில்லை. அது இன்னும் என்னென்ன அரைக்கிறது என்று சொல்லி விற்பதுதான் கஷ்டம்.

எல்லாம் ஒரு கதையில் ஆரம்பித்தது. அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பதுளையில் நான் வேலை பார்த்த கடையில் தராசில் நிற்கும் மாரிமுத்து அண்ணன் சொன்னது. அவருக்கு ஒரு வண்டிக்காரர் சொன்னது. நமுனுகுலப் பக்கம் ஒரு பெரிய கங்காணி வீட்டில் புது மெஷினில் அரைத்த கோப்பியைக் குடித்துவிட்டு, வீட்டிலுள்ள அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்களாம். மெஷின் தன் பல்லையே தேய்த்து இரும்புத்தூளைக் கோப்பியில் கலந்துவிட்டதாம்.

இந்தக் கதை கடைக்கு வந்த அதே வாரம், நான் தேர்ந்தெடுத்த ஆறு மெஷின்களும் பண்டாரவளை ரயிலிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கின. எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்வரை கடையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், படம் போட்ட பட்டியலை முதலாளி என் பக்கம் தள்ளி, மெஷினை என்னையே பொறுக்கச் சொன்னார். தீபாவளிக்குள் ஆறும் விற்றால் வேலை நிரந்தரம். விற்காவிட்டால் ஊரிலிருந்து தங்கை மகனை வரவழைத்துக்கொள்வார். முதல் வேலையில் இருக்கிறவர்களுக்கு, அந்த நாட்களில் எனக்குச் சோறு எப்படி இறங்கியது என்று விளக்க வேண்டியதில்லை.

மேசை

நான்கு நாள் பட்டியலைப் பார்த்தேன். ஒன்று மரப்பெட்டி மெஷின். மடியில் இடுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், நழுவும். மற்றது மேசை விளிம்பில் திருகிப் பூட்டுவது. அசையாது, தூளும் சீராக விழும் என்று போட்டிருந்தது. யோசித்து யோசித்து இரண்டாவதை வரவழைத்தேன்.

முதலில் வந்தவர் பசறைத் தோட்டத்துக் கங்காணி வீரன். விடியற்காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவருக்குக் கோப்பி வேண்டும். அந்நேரத்தில் உரலில் இடித்தால் லயத்தின் வரிசை அறைகளில் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் திட்டுகிறார்களாம். மெஷினை இப்படியும் அப்படியும் புரட்டி, எங்கே பூட்டுவது என்று கேட்டார். மேசையில் என்றேன். எனக்கு எந்த ஊர் என்றார். பசறைதான், கீழ்க்கணக்கு லயம் என்றேன். மெஷினை மெதுவாக இறக்கி வைத்தார்.

“லயத்துல பொறந்த புள்ளதானா? ஒங்க காம்பிராவுல மேசை எந்த மூலையில கெடந்துச்சு, தம்பி?”

காந்தம்

மேசை இருக்கவில்லை. நான் படித்ததெல்லாம் கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின் மேல்தான். நான்கு நாள் யோசித்தவனுக்கு அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லையே என்ற வெட்கத்தில், அடுத்து எதை மறந்திருப்பேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது. நமுனுகுலக் கதையைச் சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கடையில் சிந்தும் ஆணிகளைப் பொறுக்க ஒரு லாடக் காந்தம் உண்டு. ஒரு மெஷினைப் பிரித்து, ஒரு பிடி கொட்டை அரைத்து, தூளைக் காகிதத்தில் பரப்பிக் காந்தத்தை ஓட்டினேன். காந்தத்தின் முனையில் ஒரு நாள் தாடி போல மெல்லிய கருந்தூள் முளைத்திருந்தது. இரண்டாம் பிடியில் குறைந்தது. மூன்றாவதில் ஏதோ கொஞ்சம். நான்காவதில் ஒன்றுமில்லை. புது இரும்பின் பிசிறுதான். ஆனால் சொல்லாமல் விற்க முடியாது. மத்தியானம்வரை கடிதங்களைத் தப்புத் தப்பாக எழுதிவிட்டு, முதலாளியிடம் காந்தத்தைக் காட்டினேன். முதல் மூன்று பிடிக்கு அரிசியைப் போட்டு அரைத்து வீசிவிடச் சொல்லித்தான் விற்பேன் என்றேன். அவர் காந்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

“நீ பி.ஏ. படிச்சது இதக் கண்டுபிடிக்கிறதுக்கா, இல்ல விக்கிறதுக்கா?”

மூன்று பிடி அரிசி

அரிசியை வீசச் சொன்னதும் ஒரு கணக்கப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கொஸ்லந்தையிலிருந்து வந்த இன்னொருவர், சோற்றைக் கொட்டச் சொல்லும் கடையை இப்போதுதான் பார்ப்பதாகத் தெருவில் நின்று சொன்னார். தீபாவளிக்கு ஒன்பது நாள். ஆறும் தட்டிலேயே இருந்தன. ஊரில் தங்கை மகன் பெட்டி கட்டுவது எனக்குப் பதுளையிலேயே கேட்டது.

அப்போது வீரன் மறுபடி வந்தார், மனைவி செல்லம்மாவுடன். அந்த அம்மாளிடம் எதையும் மறைக்கவில்லை: நமுனுகுலக் கதை, காந்தம், மேசை, அரிசி. மேசையை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கட்டில் பலகையில் பூட்டலாமே என்று பூட்டுத் திருகை விரலால் அளந்து பார்த்தார். அரிசிதான் அவரை யோசிக்க வைத்தது.

“ஏன் வீசணும்? அந்த மாவுல வாசல்ல கோலம் போட்டுட்டுப் போறேன். எறும்புக்கு வயித்து வலி வந்தா நீங்க வந்து பாருங்க.”

ஆறாவது

அதன்பின் நான் “வீசுங்கள்” என்று யாரிடமும் சொல்லவில்லை. “கோலம் போடுங்கள்” என்றேன். இரும்பு இரும்புதான், அந்த மாவைத் தின்னக்கூடாது என்பதையும் சொன்னேன். ஐந்து விற்றன. தீபாவளிக்கு முதல் நாள் ஆறாவதை முதலாளி தன் வீட்டுக்கே எடுத்துப் போனார். அது விற்றதில் சேருமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பண்டிகை முழுவதும் அதே யோசனை. கடை திறந்த அன்று அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

“அடுத்த தடவ மடியில வைக்கிறதாப் பாரு.”

தை மாதம் நமுனுகுலப் பக்கம் போனபோது அந்தப் பெரிய கங்காணி வீட்டைத் தேடிப் பிடித்து விசாரித்தேன்: நான் இத்தனை நாள் எந்த மெஷினை நினைத்துப் பயந்தேனோ அப்படி ஒன்று அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை, அங்கே கோப்பியை இன்றைக்கும் உரலில்தான் இடிக்கிறார்கள்.