லிஃப்ட் ஓடுமா, ஓடாதா?

எட்டு மாடிக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகள். இருபத்திரண்டு வருடங்களாக அந்த இரண்டையும் கவனித்துக்கொண்டவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் லிஃப்ட் அண்ணன். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலையில் கெட்டிக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். இங்கிலீஷுக்கும் அவருக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம்.

கட்டடம் கைமாறியது. புது முதலாளிகள் வேறு நாட்டுக்காரர்கள். அறிவிப்பானாலும் வேலை அறிக்கையானாலும் இனி எல்லாம் இங்கிலீஷில்தான் என்று மேனேஜர் அம்மாள் சொல்லிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை மின்பலகை புகைந்து இரண்டு லிஃப்டும் நின்றன. அண்ணன் மார்க்கரை எடுத்துப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டிவிட்டு மேலே மோட்டார் அறைக்குப் போனார். அரை மணி கழித்து இறங்கி வந்து பார்த்தால், கீழே நாற்பது பேர் லிஃப்டுக்காகக் காத்து நிற்கிறார்கள். பொத்தானை ஆளுக்கொரு தரம் அழுத்துகிறார்கள். கூட்டத்தின் நடுவில் மேனேஜர் அம்மாள்.

"நின்னுபோன லிஃப்டை ஓடுதுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே!"

"ஓடாதுன்னுதான் மேடம் எழுதியிருக்கேன்."

தாளில் இருந்தது இதுதான்: லிஃப்ட் ஒர்க்கிங் நோ நீட் டு யூஸ் ஸ்டெப்ஸ். லிஃப்ட் ஓடுகிறது, படியேறத் தேவையில்லை என்றுதான் நாற்பது பேரும் படித்திருந்தார்கள்.

அண்ணன் தாளில் விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "லிஃப்ட் ஒர்க்கிங்? இது கேள்வி. நோ. இது பதில். நீட் டு யூஸ் ஸ்டெப்ஸ். படியில போங்கன்னு அர்த்தம். நீங்கல்லாம் நிக்காம படிச்சுட்டீங்க."

"கொஸ்டின் மார்க் எங்க? ஃபுல் ஸ்டாப் எங்க?"

"வெள்ளைப் பேப்பர்ல புள்ளி வச்சா ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன் மேடம்."

கோபமாக வந்த அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒட்டுற ஒவ்வொரு பேப்பர் பக்கத்துலயும் உங்களை நிறுத்தி வைக்க முடியாது" என்று சொல்லி, மருந்துக்கடை மாடியில் நடந்த மாலை இங்கிலீஷ் வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டார்.

வகுப்பில் இரண்டு நர்ஸுகள், ஒரு முடிதிருத்துபவர், ஒரு டாக்ஸி டிரைவர். டீச்சருக்கு அண்ணனின் மகள் வயதுகூட இராது. நேற்று செய்த வேலையை எழுதச் சொன்னார். அண்ணன் எழுதினார்: ஐ கேபிள் சேஞ்ச்டு.

"இங்கிலீஷ்ல வினைச்சொல் நடுவுல வரணும். ஐ சேஞ்ச்டு தி கேபிள்."

"எதைன்னு சொல்றதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்னு சொல்லணுமா? அவங்களுக்கு அப்படி என்ன டீச்சர் அவசரம்?"

வகுப்பே சிரித்தது. அண்ணன் திருத்தி எழுதினார். இந்த முறை 'ஐ' காணாமல் போயிருந்தது.

"கேபிளை யாரு மாத்தினது?"

"நான்தான். கீழ கையெழுத்து போட்டிருக்கேனே!"

"கையெழுத்து எழுவாய் ஆகாதுங்க."

அந்த வாரம் முழுக்க எழுவாய்ப் பித்து அவரை ஆட்டி வைத்தது. தையல் வேலை முடித்து வந்த மனைவி, "கடைக்குப் போயிட்டு வந்தாச்சு, சாப்பிடலாமா?" என்றாள்.

"யாரு போனது? யாரு சாப்பிடுறது?"

"உங்களுக்கு இப்ப சாப்பாடு வேணுமா, எழுவாய் வேணுமா?"

அண்ணன் தட்டை எடுத்து வைத்தார்.

அடுத்து கமா படித்தார். கையில் கிடைத்ததும் அள்ளித் தெளித்தார். நான்கு வரி அறிக்கையில் பத்தொன்பது கமா. 'படிக்க மூச்சு முட்டுது' என்று ஓரத்தில் எழுதி மேனேஜர் அம்மாள் திருப்பி அனுப்பினார். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பதினாறு கமாவை அடித்துக் கொடுத்தார்.

இரண்டாவது மாதம் டீச்சர் கட்டளை வாக்கியம் நடத்தினார். அதற்கு எழுவாய் வேண்டாம், வினைச்சொல்லை நேராகப் போட்டால் போதும் என்றதும் அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

சில நாள் கழித்து ஒரு மதியம் லிஃப்டுகளில் ஒன்று ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தனியாக. கதவைத் தட்டும் சத்தமும் அழுகைக் குரலும் கேட்டன. அண்ணன் ஆறாம் மாடிக்கு ஓடிப்போய்க் கதவிடுக்கில் வாய் வைத்தார்.

"சிட்."

மூச்சு வாங்கினார். "வெயிட்."

தட்டும் சத்தம் நின்றது. "டோன்ட் டச் தி டோர். ஐ ஆம் கமிங்."

"ஓகே" என்று உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. தான் சொன்ன இங்கிலீஷுக்கு ஒருவர் கட்டுப்பட்டது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. மேலே ஓடி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்தார். பதினோரு நிமிடம்.

மறுநாள் அவர் எழுதிய மூன்று வரி அறிக்கையில் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் இடிக்கிறது. வெளியே வந்த அந்தப் பெண் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் ஏதோ சொன்னார். தொடக்கத்தில் 'யூ' வந்தது. சரி, எழுவாய் நான்தான் என்று பிடித்துக்கொண்டார். வினைச்சொல்லைத் தேடுவதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது. மரியாதைக்கு "யெஸ்" என்று சொல்லிவைத்தார். அந்தப் பெண் மகிழ்ந்துபோய் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு கிளம்பினார்.

எதற்குச் சம்மதித்தார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. மனைவி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.