ஊதுபத்தி மணக்கும் அம்பாசடர்

கார் மெக்கானிக்கின் கையில் கிரீஸ் இருக்கலாம், மூக்குமேல் கோபம் மட்டும் இருக்கக் கூடாது என்பது வாடிக்கையாளர்களின் எண்ணம். தொண்ணூறுகளில் மந்தைவெளியில் பட்டறை வைத்திருந்த எனக்கு இரண்டுமே இருந்தன. இதே தொழிலில் வயிறெரிந்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

சத்தம்தானே!

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் மணி ஐயரின் பழைய அம்பாசடர், தெருமுனையிலேயே 'டப் டப்' என்று வரவைச் சொல்லிவிடும். எஞ்சின் புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டு வளைந்து, அதன் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் எரிந்து, புகை பாதி வழியிலேயே கசிந்தது. காற்றை உள்ளே இழுக்கும் மேனிஃபோல்டுக்கும் அதே கேஸ்கட்தான். அங்கே 'உஸ்' என்று காற்றுப் புகுந்து, சிக்னலில் நின்றாலே எஞ்சின் அணைந்தது. கழற்றி லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தணும், வண்டியை விட்டுப் போங்கள் என்றேன். அவருக்கு முகூர்த்தச் சமையலாம்.

"சத்தம்தானே ஓய், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். போல்ட்டை டைட் பண்ணிக் குடும்!"

தாசு வைத்தியம்

நான் ஸ்பேர் வாங்கப் போன நேரத்தில் ஐயர் மறுபடி வந்திருக்கிறார். என் பார்ட்னர் தாசு, கசிவின்மேல் பசையை அப்பி அனுப்பிவிட்டான். அந்தச் சூட்டுக்கு அது அடையாறு பாலம் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும். தொண்டை கிழியக் கத்தினேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"இன்னா நைனா, சும்மா கத்திக்கினு கீறே? வண்டி போச்சுல்ல?"

ஊதுபத்தி

அடுத்த முறை ஐயர் வந்தபோது, முன் சீட்டில் அவர் மகள் சுதா, யூனிஃபார்மில், வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். காரில் ஏறினாலே தலைவலி, வாந்தியாம். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். டாஷ்போர்டில் பிள்ளையாருக்கு ஊதுபத்தி. புகை நாற்றம் போக அதையும் ஏற்றி வைத்திருக்கிறார் மனுஷர்! கால்மிதிப் பக்கத்து ஓட்டை வழியாக எஞ்சின் புகை நேராகக் குழந்தையின் மூக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. இது ஆளையே கொல்லும் என்று கத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"வண்டிக்குக் கண் பட்டிருக்கு ஓய். பூசணிக்கா சுத்தி உடைச்சா சரியாயிடும்!"

சரியாயிடுத்து

சாவியைத் தரவே இல்லை. திட்டிக்கொண்டே ஆட்டோவில் போனார். கழற்றும்போது முறிந்த போல்ட்டைக் குடைந்தெடுத்து, லேத் வேலை முடித்து, புது கேஸ்கட் போட்டு, ஓட்டையையும் அடைத்தேன். விரல் தோல் உரிந்துவிட்டது. நடுவில் ஐயர் வந்து, பட்டறை வாசலிலேயே பூசணிக்காயை உடைத்துவிட்டுப் போனார். வழுக்கி விழுந்தது நான்தான்.

வேலை முடிந்ததும் அப்பாவையும் மகளையும் ஏற்றி, கண்ணாடியை மூடியே பட்டினப்பாக்கம் வரை போய் வந்தேன். சுதா சிரித்துக்கொண்டே இறங்கினாள். என் கோபமும் கொஞ்சம் இறங்கியது. ஐயர் வாயைத் திறக்கும்வரை.

"பாத்தீரா, நேத்திக்குப் பூசணிக்கா உடைச்சேன், இன்னிக்குத் தலைவலி போயிடுத்து!"

புகைக் கசிவை அடைக்க எனக்குத் தெரியும். வாங்க வேண்டிய நல்ல பேரைப் பூசணிக்காயிடமிருந்து பிடுங்கும் வித்தைதான் இன்றுவரை கைவரவில்லை.