ஆதம்லெவ்வை மச்சான் தராத பொடி

களத்தில் நெல்லைக் காயவிட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மோதினார் சைக்கிளில் வந்து இறங்கி, "கொழும்பில இருந்து தந்தி வந்திரிக்கி. ஒங்கட மச்சான் மௌத்தாப் போயிட்டாராம்" என்றார். மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹ்வைச் சொல்லிக்கொண்டே, காயவிட்ட நெல்லை அள்ளிக் கட்டினேன்.

கலாநிதி ஆதம்லெவ்வை என் மனைவியின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்தவர். கிருமியைக் கொல்லவும் வீக்கத்தை வற்றவைக்கவும் மருந்து தேடி, புதிய பல்லின வளையச் சேர்வைகளை ஆக்கியவர். அந்தப் பேரைச் சொல்லப் பழகவே எனக்கு ஒரு போகம் பிடித்தது.

"காபன் அணுக்கள் கைகோத்து வட்டமா நிக்கிது மச்சான். அதில ஒண்ட விலக்கிப்போட்டு நைதரசன நிப்பாட்டினா வட்டத்துட குணமே மாறும். எங்கட ஊட்டுக்கு நீ மாப்பிள்ளையா வந்த மாதிரி" என்று விளங்கப்படுத்தினார்.

"குணம் கூடுமா, கொறயுமா?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்கம்."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெருநாள் லீவுக்கு வந்தவர், சின்னப் போத்தலில் வெள்ளைப் பொடி கொண்டுவந்து காட்டினார். கண்ணாடித் தட்டில் கிருமியை வளரவிடவில்லையாம். எலியின் கால்வீக்கத்தையும் வற்றவைத்ததாம். பிள்ளை பிறந்தவர் மாதிரி முகம் பூத்திருந்தது.

அந்த ஒரு கிழமைக்குள்தான் என் மகள் ஹாஜறாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு முழங்கால் வீங்கி, அது வற்ற மற்றது வீங்கியது. எண்ணெய் பூசிக் களைத்துப்போனோம். வீக்கத்துக்கும் கிருமிக்கும் சேர்த்து மருந்து வீட்டிலேயே இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று எனக்குப் பட்டது. என் விஞ்ஞானம் அவ்வளவுதான். கேட்டேன்.

"ஏலா" என்று ஒரேயடியாக மறுத்தார்.

மச்சானின் தாயான என் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எலிக்குக் குடுக்கிறாய், சொந்த மருமகளுக்குக் குடுக்க மாட்டாயா மனே?"

"அந்த எலிகள் நல்லா இரிக்கா எண்டே இன்னும் முழுசாப் பாக்கல்ல உம்மா."

மாமி அழுதார், மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அசையவில்லை. ஹாஜறாவின் பக்கத்தில் குந்தி, "தொண்ட நொந்திச்சா புள்ள?" என்று கேட்டார். "போன மாசம் நொந்திச்சி மாமா" என்றாள். உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று நான் கேட்டேன். "நோய்ட பேர நான் செல்லக்கூடா. பாக்கத் தெரிஞ்சவர் செல்லட்டும்."

தொண்டை நோவுக்குப் பின்னால் வருகிற வாதக்காய்ச்சல் என்றார் வைத்தியர். இன்னும் சுணங்கியிருந்தால் இதயத்தைத் தொட்டிருக்குமாம். அன்றே பென்சிலின் ஏற்றினார்கள். அந்த ஊசி பல வருடம் மாதாமாதம் தொடர்ந்தது.

அடுத்த லீவில் சோறு தின்னும்போது பொடியைப் பற்றிக் கேட்டேன். "தோத்துப்போச்சு மச்சான். எலிகள்ற வயித்தப் புண்ணாக்கிப்போட்டுது" என்று சொல்லி, மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மாமியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு பெரிய துண்டாகப் பார்த்து மகனின் பீங்கானில் வைத்தார். வேறொரு வளையம் தொடங்கிவிட்டதாக மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மௌத்தான மச்சானுக்காகக் கத்தம் ஓதிய அன்று ஒருவர், "இவ்வளவு காலம் ஆக்கினாரே, ஒரு மருந்தாச்சும் கடைக்கி வந்திச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். அவருக்கு அது போதும். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லவேண்டும். உள்ளே பெண்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, மூச்சிரைக்காமல் அங்கும் இங்கும் ஓடித் திரிந்தாள் ஹாஜறா. மச்சான் எங்களுக்கு விட்டுப்போனது, அழுகிற உம்மாவின் முகத்தைப் பார்த்தும் மாறாத அந்த ஒரு 'ஏலா'.